எதிரே நீ இருந்த மேசை

மச்சான்,

இன்று காலை ட்வெய்ட்டா நிலையத்தில் ரயில் ஏறிய ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையுறையைக் கழற்றினார். விரல்களில் வலித்தைல வாசம். ஆள் யாரென்று நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உன் நினைவு வந்துவிட்டது. இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன்.

விடியப் பனி வழிக்கும் வேலை உனக்கு. விரல்கள் எப்போதும் விறைத்திருக்கும். சனிக்கிழமை மத்தியானங்களில் ரொம்சோஸில் உன் வீட்டுக் குசினி மேசையில் முந்நூற்றிநாலு ஆடும்போது சீட்டெல்லாம் அந்தத் தைலம் மணக்கும். நாலு பேர், இரண்டு பக்கம். ஒரே பக்கத்து ஆட்கள் எதிரெதிரே இருக்க வேண்டும், எதிரே இருப்பவன் வெல்லும் பிடியை வெட்டக் கூடாது என்பது முறை. அப்படிப் பத்து வருடம் நீ எனக்கு நேர் முன்னால் இருந்தாய். நாம் புருவத்தால் கதைக்கிறோம் என்று மற்ற இருவரும் சண்டைக்கு வருவார்கள். நமக்குப் புருவமும் தேவைப்படவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு தொலைக்காட்சியில் போக்கர் போட்டிகள் காட்டத் தொடங்கினார்கள். எனக்குப் பைத்தியம் பிடித்தது. தபால் பிரிக்கும் வேலையை விட்டுவிட்டு அதையே தொழிலாக்கலாமா என்று உன்னிடம் மட்டும்தான் கேட்டேன். மற்றவர்களுக்கு அது சூது. கோயிலில் முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார்கள்.

"முதல் ஒருக்கா வெண்டு காட்டு. பிறகு வேலையை விடு," என்றாய்.

நோர்வேயில் அப்போது பணம் கட்டி அப்படிப் போட்டி நடத்த முடியாது. நோர்வேக்காரரே கோபன்ஹேகனில் நடத்திய போட்டிக்குக் கப்பலேறினோம். வேடிக்கை பார்க்க வந்தவன், வந்தது வந்தோம் என்று நீயும் பெயர் கொடுத்தாய். போக்கரில் சோடி கிடையாது, ஒவ்வொருவரும் தனி என்று கப்பலில் மூன்று தரம் சொன்னேன். "ஓம், ஓம், விளங்கீட்டுது," என்று மூன்று தரமும் தலையாட்டினாய்.

ஆட்கள் தோற்று எழும்ப எழும்ப மேசைகளை ஒன்றாகச் சேர்ப்பார்கள். இரண்டாம் நாள் பின்னேரம் உன்னைக் கொண்டுவந்து எனக்கு நேர் எதிரே இருத்தினார்கள். சற்று நேரத்தில் ஓர் ஆட்டத்தில் நாம் இருவர் மட்டும் மிஞ்சினோம். என்னிடம் ஒன்றுமில்லை. ஆளை வெருட்டிப் பார்ப்போம் என்று, இருந்த பந்தய வில்லைகள் எல்லாவற்றையும் நடுவில் தள்ளினேன். உன்னிடம் இருந்ததோ யாராலும் வெல்ல முடியாத சீட்டு. நீ அதை எல்லோரும் பார்க்க விரித்து வைத்து, ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, சிரித்தபடி, நடுவில் கிடந்ததை எடு என்று எனக்குக் கை காட்டினாய்.

சீட்டுப் போடுகிறவர் கையை உயர்த்தினார். நடுவர் வந்தார். சேர்ந்து ஆடுகிறோம் என்று தெரிந்தால் இருவரையும் வெளியேற்றுவார்கள். அதன் பிறகு என்னை எந்த மேசையிலும் சேர்க்க மாட்டார்கள். அந்த மண்டபத்தில் கறுப்பு முகம் நம் இரண்டும்தான்.

"இவரைத் தெரியுமா?" என்று என்னிடம் கேட்டார்.

தெரியாது என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

நீ என்னைப் பார்த்தாய். பிறகு உன் அரைகுறை நோர்வேஜிய மொழியில், எனக்கும் இவரைத் தெரியாது, சீட்டைப் பிழையாகப் பார்த்துவிட்டேன் என்றாய். மேசையே சிரித்தது. உன்னைக் கண்டித்துக் கொஞ்ச நேரம் வெளியே இருத்தினார்கள். திரும்பி வந்தவன் சீக்கிரமே தோற்று எழும்பினாய். எனக்கு மூன்றாம் இடம். என் தொழில் அன்று தொடங்கியது.

திரும்பும் கப்பலில் இரண்டு தேநீர் வாங்கி வந்தாய். "ஏன்டா அந்தச் சீட்டை எறிஞ்சனி?" என்று கேட்டேன்.

"தெரியாது மச்சான். முன்னுக்கு நீயெல்லோ இருந்தனி. உன்ரை பிடியை நான் வெட்டுறதோ?"

நான் கோப்பையைத் தொடாமல் கடலைப் பார்த்தேன். "நீ என்னைத் தெரியாதெண்டு சொன்னதும் சரிதான், விடு. தேத்தண்ணி ஆறுது," என்றாய். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல இடம் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

அதன்பின் லண்டன், பார்சலோனா, தல்லின். பத்துப் போட்டியில் ஒன்பதில் வெறுங்கை. பத்தாவதை வைத்துக்கொண்டு அடுத்த ஒன்பதுக்கு ஓட்டம். சனிக்கிழமைகளில் நான் இங்கே இருந்தது அரிது. ஒரு குளிர்காலத்தில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

செத்தவீட்டில் உன் மனைவி சொன்னா: "அண்ணை, நீங்கள் வராத நாளிலை இவர் விளையாட இருக்கமாட்டார். உங்கடை கதிரையிலை ஆரோ இருப்பினம், இவர் தேத்தண்ணி ஊத்திக் குடுத்துக்கொண்டு நிப்பார்."

அதன் பிறகும் ஒரு வருடம் ஆடிப் பார்த்தேன். எதிரே எவன் வந்து உட்கார்ந்தாலும் ஒரு கணம் என் ஆள் என்றே மனம் எண்ணிவிடும். அப்படி எண்ணுகிறவன் போக்கரில் பிழைக்க முடியாது. முதுகுவலி என்று ஊருக்குச் சொல்லி ஆட்டத்தை விட்டேன்.

உன்னைத் தெரியுமா என்று இப்போது என்னை யாரும் கேட்பதில்லை, மச்சான். ஒருவராவது கேட்க மாட்டார்களா என்று இருக்கிறது.