இருட்டில் வைத்து வெளுத்தவள்

காலையில் உருளைக்கிழங்குக் கூடையைக் கவிழ்த்தேன். ஜன்னலோரம் கிடந்த இரண்டு கிழங்குகளின் தோல் பச்சை பூத்திருந்தது. எறியப் போனபோது உன் குரல்தான் கேட்டது. "கெழங்கு செல்லுக்குள்ள இருக்கிறது நெறமில்லாத வெளிர்கணிகம்டி. மாவைச் சேத்து வெக்கிறதுதான் அதோட வேல. வெளிச்சம் பட்டா அதுவே பசுங்கணிகமாயிடும்."

எண்பதுகளில், திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் கல்லூரிக்குத் தாவரவியல் படிக்க நாம் போன பாசஞ்சர் ரயிலில் இப்படித்தான் பாடம் நடக்கும். மிளகாய் பழுக்கும்போது பசுங்கணிகம் வண்ணக்கணிகமாகிப் பறவைகளைக் கூப்பிடுகிறது என்பதை மயிலம் தாண்டுவதற்குள் எனக்குப் புரியவைத்துவிடுவாய். மேலே படித்து லெக்சரர் ஆகவேண்டும் என்ற உன் ஆசை எனக்கு மட்டுமே தெரியும்.

கடைசி வருடம் உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள். "லட்சணமாத்தான் இருக்குது. நெறந்தான் கம்மி. வெயிலு காட்டாம வெச்சிக்கினா தேறிடும்" என்று மாப்பிள்ளையின் தாயார் கத்தரிக்காய் பொறுக்குவதுபோலச் சொன்னாராம். உங்கள் வீடும் தலையாட்டியது.

செய்முறைத் தேர்வன்று உன்னை அழைத்துப்போக வந்தேன். "ஸ்டேஷனுக்கு நடந்தா திரும்பக் கறுத்துடுவா. நீ போய் எழுதிட்டு வாம்மா" என்று உன் அம்மா வாசலை மறித்துக்கொண்டார். சாக்கால் ஜன்னலை அடைத்த அறையில், புளித்த தயிரும் கடலைமாவும் முகத்தில் அப்பி உட்கார்ந்திருந்தாய்.

"இருட்டுல வெச்சா கணிகத்துல பச்சையே புடிக்காதுடி. செடி வெளுத்துப்போய் நெட்டையா வளந்து சாஞ்சிடும். என்னை வெச்சி முளைப்பாரி போட்டுக்கினு இருக்காங்க" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று நுண்ணோக்கியில் எனக்கு வைத்திருந்தது தக்காளித் தோல். வண்ணக்கணிகம் என்று எழுதினேன். பக்கத்தில் உன் இடம் காலி. பட்டம் உனக்குக் கிடைக்கவேயில்லை. கல்யாணம் முடிந்த கையோடு அதே மாமியார் உன்னை மல்லாட்டைக் கொல்லைக்குக் களையெடுக்க அனுப்பினார். கடைசிவரை அந்த வீட்டில் உன் பெயர் 'கறுப்பி'. என்ன ஜென்மங்களோ.

போன மாதம் உன் காரியத்துக்கு வந்தேன். மாலை போட்ட படத்தில் யாரோ ஒரு சிவந்த பெண்மணி இருந்தார்.

"ஸ்டுடியோல சொல்லி கொஞ்சம் கலரு ஏத்தினோம், ஆன்ட்டி. நல்லா இருக்குதில்ல?" என்றான் உன் மகன்.

செத்த பிறகும் உன்னை விடவில்லை. அருவருப்பில் இலையில் உட்காரவே மனமில்லை எனக்கு. கலர் ஏற்றாத பழைய படத்தை மட்டும் அவனிடம் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அது இப்போது என் கைப்பையில் இருக்கிறது. உச்சி வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நல்ல கறுப்பாய் நிற்கிறாய். என்னோடு படித்தவளைப் பற்றிப் பேச்சு வந்தால் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.