நான் மாற்றிக்கொடுத்த மோட்டார் சைக்கிள்

என் ஆசை மச்சான் கோவிந்தனுக்கு,

எழுதுவது சாமிக்கண்ணு. நீ நம்பமாட்டாய் என்று தெரியும். ஆனால் நான் சொல்லச் சொல்ல வேறு யாரோ எழுதியது இல்லை இது. என் கையாலேயே எழுதுகிறேன். மெதுவாகத்தான் வருகிறது. ஒரு வரி முடிவதற்குள் காப்பி ஆறிவிடுகிறது. இருந்தாலும் மனதுக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

தெமியாங் கோயில் மண்டபத்தில் வியாழக்கிழமைதோறும் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடக்கிறது. ஒன்பது பேர் படிக்கிறோம், நான் ஒருவன்தான் ஆண். எனக்கு 'ழ' வருவதற்கு மூன்று வாரம் பிடித்தது. போன மாதம் ஒரு கடையின் போர்டைப் படித்தேன். முப்பது வருடமாக நான் முடி வெட்டிக்கொள்ளும் கடை. உள்ளே போய், "ஒன் கடைக்குப் பேரு இருக்கே தம்பி, சொல்லவே இல்லையே" என்றேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

யாருக்காவது ஒரு கடிதம் எழுதி வாருங்கள், கோயில் மலரில் போடுவோம் என்றார் டீச்சர். மற்றவர்கள் மகனுக்கும் மகளுக்கும் எழுதினார்கள். நான் உனக்கு எழுதுகிறேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் நான் ஒரு நாளாவது நிம்மதியாக உட்கார்ந்தேனா? இப்போதுகூட நடுவில் இரண்டு தரம் எழுந்து வாசலுக்குப் போய்வந்தேன்.

உன் கருமாதி அன்று பாக்கியம் அந்தக் கதையை மறுபடி சொன்னாள். என் தங்கச்சியைத்தான் உனக்குத் தெரியுமே. அழுதுகொண்டே இருந்தவள், பேச்சு ஜப்பான் காலத்துக்குப் போனதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஊரு ஒலகத்துல இல்லாத வண்டி செஞ்சாராம்லா இந்த மனுசன். வேற எவனும் ஓட்டக்கூடாதுன்னு எல்லாத்தையும் திருப்பி வச்சாரு. வித்தை காட்டப் போயி ஜப்பான்காரன்கிட்ட காதைக் குடுத்துட்டு வந்தாரு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரித்தேன் மச்சான். அதுதான் என்னை உட்காரவிடாமல் செய்கிறது.

இதைப் படிக்கப் போகிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையே முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள். அப்போது நம் ரப்பர் தோட்டத்துக்கு நீதான் தப்பால்காரன். துரையின் மோட்டார் சைக்கிளில் சிரம்பானுக்குப் போய்க் கடிதங்கள் கொண்டுவருவாய். சண்டை வந்ததும் துரை காரில் சிங்கப்பூருக்கு ஓடினார், வண்டி ஷெட்டிலேயே கிடந்தது. தப்பால் நின்றுபோனதால் உன்னை ரப்பர் பாலைச் சீட்டாக்கும் ஸ்டோரில் ரோலருக்குப் போட்டார்கள். நாலாவது மாதம் ரப்பர் சீட்டோடு உன் வலது கையும் உள்ளே போனது. உள்ளங்கையும் கட்டைவிரலும் மட்டும் மிஞ்சின.

அந்த வருடம் நாம் குடியிருந்த லயத்தில் குளிர்காய்ச்சல். ஒரே வாரத்தில் ஏழு பேரைத் தூக்கினோம். கொயினா மாத்திரை சிரம்பான் ஆஸ்பத்திரியில் இருந்தது, கொண்டுவர ஆளில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவன் நீ ஒருத்தன்தான். நீ ஸ்டோருக்கு வந்து என் இஞ்சின் பக்கத்தில் நின்றாய்.

"டேய் மச்சான், தொரை வண்டிய என் கைக்கு மாத்திக் குடு."

"கையே இல்லாதவனுக்கு என்னத்தடா மாத்துறது?"

"ஒரு கையும் ரெண்டு காலும் இருக்குல்ல. மிச்சத்த நீ பாரு."

நான் ஸ்டோர் இஞ்சின்காரன். அதுவரை மோட்டார் சைக்கிளில் கை வைத்ததே இல்லை. ஆனாலும் அந்த மூன்று நாளைப் போல நான் சந்தோஷமாக வேலை செய்த நாள் வேறு கிடையாது. அந்தத் துரை ஆறடி, நீ ஐந்தடிகூட இல்லை. உன்னை வண்டியில் உட்காரவைத்தால் கால் அந்தரத்தில் தொங்கியது. சீட்டை இறக்கினேன். கால் வைக்கும் கட்டையை முன்னால் தள்ளினேன். கையால் பிடிக்கும் கிளச்சை இடது காலால் மிதிப்பதாக்கினேன். கியர் தண்டு டாங்கியின் வலப்பக்கம் இருந்தது. அதன் தலையில் ஒரு இரும்புக் கிண்ணத்தை ஒட்டினேன், உன் உள்ளங்கை அதற்குள் உட்காரும். வலப்பக்க ஹேண்டிலில் உன் கட்டைவிரல் நுழைந்து கழலும்படி ஒரு தோல்வார் கட்டினேன். ஒவ்வொன்றுக்கும் நீ ஏறி உட்காருவாய், "இன்னும் ரெண்டு விரக்கடை எறக்கு" என்பாய், இறங்குவாய். தையல்காரனிடம் சட்டைக்கு அளவு கொடுப்பதைப் போல.

கடைசியாக முறுக்குப் பிடி. இஞ்சினுக்கு எண்ணெய் கொடுக்கிற அந்தப் பிடி வலப்பக்கம் இருந்தது. அதை அப்படியே கழற்றி இடப்பக்கம் மாட்டினேன். கைமாறினால் திசையும் மாறிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. எந்த வண்டியிலும் தன் பக்கமாக முறுக்கினால் வேகம் கூடும். இதில் முன்பக்கமாகத் தள்ளி முறுக்கினால்தான் கூடியது. தன் பக்கம் இழுத்தால் குறைந்தது.

நீ ஒரு சுற்று போய்வந்து, "என்னடா, தலைகீழா இருக்கு" என்றாய்.

சரியாக்க முடியாதா? முடியும். உள்ளே இருக்கிற சின்ன உருளையைக் கழற்றி, அரத்தால் புதுப் பள்ளம் ராவிப் போடவேண்டும். அரை நாள் வேலை. எனக்குச் சலிப்பு. "பழகிரும்டா மச்சான்" என்றேன். நீ என்னைப் பார்த்துவிட்டு, "சரிலா, நீ சொன்னா சரி" என்றாய்.

உனக்குப் பழகியும் போனது. பெட்ரோல் கிடைக்காததால், மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலைக் காய்ச்சி இறக்கிய எண்ணெயில்தான் வண்டி ஓடும். வருவதற்கு முன்னால் நாற்றம் வந்துவிடும். அந்த நாற்றம் வந்தால் லயத்துப் பெண்கள் கோயிலைப் பார்த்துக் கும்பிடுவார்கள், மாத்திரை வந்துவிட்டது என்று. அதையெல்லாம் பார்த்து எனக்கு எத்தனை பெருமை. அந்த அரை நாள் வேலையை நான் மறந்தே போனேன்.

பிறகு அந்த நாள் வந்தது. பால் எடைபோட்டு முடிந்த வேளை. லாரியில் ஜப்பான் ஆபீசர் ஒருத்தன் நாலு சிப்பாய்களோடு வந்தான். போர்டிக்சன் முகாமுக்கு மோட்டார் சைக்கிள் வேண்டுமாம். ஒரு சிப்பாய் ஏறி உட்கார்ந்தான். நீ பதறிப்போய் ஓடி, காலைக் காட்டினாய், கையைக் காட்டினாய், "திர்பாலேக், திர்பாலேக்" என்று முறுக்குப் பிடி தலைகீழ் என்பதை மலாயில் சொன்னாய். அவன் தலையாட்டினான். நேரே போகும்வரை நன்றாகத்தான் போனான். வளைவில் வேகத்தைக் குறைக்கப் பார்த்தவன், பழக்கத்தில் முன்பக்கம் முறுக்கிவிட்டான். வண்டி துள்ளிக்கொண்டு போய் ஸ்டோர் கழிவுத்தண்ணி ஓடும் கானில் விழுந்தது. புளித்த பால் தலையிலிருந்து வழிய அவன் எழுந்தான். சிரிப்பை அடக்க, எங்களை வேலை வாங்கும் மண்டோர் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

ஆபீசர் சிரிக்கவில்லை. வண்டியைத் தூக்கச் சொல்லி, பிடியை முறுக்கிப் பார்த்தான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பிறகு எங்களை வரிசையாக நிற்கவைத்தான்.

"சியாப்பா பிக்கின்?"

யார் செய்தது என்று கேட்கிறான். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஐயா அதைத் தமிழில் சொன்னார். "வேண்டுமெண்டே செய்த நாசவேலை எண்டு சொல்லுறார். செய்த ஆள் வெளியே வரட்டாம். இல்லாட்டி எல்லாருக்கும் தலை போகுமாம்." சொல்லிவிட்டு அவர் என்னைத்தான் பார்த்தார். என் கையில் திருகுசாவி. வரிசையில் எல்லாருக்கும் தெரியும். என் கால் முன்னால் போகவில்லை. வாய் திறக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன்? நீ எண்ணியிருப்பாய்.

"நாந்தாங்க" என்று நீ முன்னால் வந்தாய். விரல் இல்லாத கையைத் தூக்கிக் காட்டினாய். "என் கைக்கு ஏத்த மாதிரி நானே மாத்திக்கிட்டேன். வேற யாருக்கும் இதுல ஒண்ணும் தெரியாது."

ஆபீசர் உன்னை இடது பக்கமாகவே அடித்தான். முதல் அடியிலேயே காதில் ரத்தம். பிறகு ஓட்டிக் காட்டச் சொன்னான். ரத்தம் சட்டையில் வழிய நீ ஸ்டோரைச் சுற்றி மூன்று வட்டம் அடித்தாய், ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. அந்த ஆபீசருக்குப் பிடித்துப்போனது. வண்டியை லாரியில் ஏற்றினான். ஓட்டத் தெரிந்த ஆள் நீ ஒருத்தன்தானே, உன்னையும் ஏற்றினான். பாக்கியம் ஓடி வருவதற்குள் லாரி கேட்டைத் தாண்டிவிட்டது.

சயாம் ரயில் லைன் போட ஆள் பிடித்தபோதும் இஞ்சினுக்கு ஆள் வேண்டும் என்று என்னை விட்டுவிட்டார்கள். எனக்குக் கிடைத்த மரவள்ளிக்கிழங்கில் பாதியைப் பாக்கியத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எதற்காகக் கொடுத்தேன் என்று அவளுக்குத் தெரியாது. ஜப்பான்காரனுக்குப் பயந்து வரிசையில் நின்ற யாரும் அவளிடம் சொல்லவில்லை, பிறகு அதுவே நிலைத்துவிட்டது. "எங்கண்ணன் மாதிரி யாருக்கு வாய்க்கும்" என்று லயம் முழுக்கச் சொன்னாள்.

ஜப்பான்காரன் சரணடைந்த பிறகு நீ நடந்தே வந்து சேர்ந்தாய். இடது காது அறவே கேட்கவில்லை. அதற்காகவும் அவள் உன்னைத்தான் ஏசினாள், ஐம்பது வருடம். "வித்தைக்காரரே, கூப்புடுறது கேக்கலையா?" நீ ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை. ஏன் பேசவில்லை? என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்றா, அண்ணன்மேல் அவள் வைத்திருந்ததைக் கெடுக்க வேண்டாம் என்றா?

ஒரே ஒரு தரம் நான் சொல்லப் பார்த்தேன். சி ரூசா கடற்கரையில், உன் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்த வருடம். பாக்கியம் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டிருந்தாள். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னிக்கு நான்தான் முன்னால வந்திருக்கணும்" என்றேன். நீ நண்டை உடைத்துக்கொண்டே, "ஆறுது பாரு, தின்னு" என்றாய். சொல்லிவிட்டேன் என்று இத்தனை காலம் என்னையே நான் ஏமாற்றிக்கொண்டேன். மச்சான், நான் உட்கார்ந்திருந்தது உன் இடப்பக்கம். தெரிந்தேதான் அங்கே உட்கார்ந்தேன். உனக்குக் கேட்டதா, இல்லையா?

உனக்கு ஒரு புதுச் செய்தி. போன வாரம் போர்டிக்சன் சாலையில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். அவளுக்கு ஒரு கால் சூம்பியிருந்தது. அவள் ஓட்டிய ஸ்கூட்டருக்குப் பின்னால் இரண்டு சின்னச் சக்கரம், பிரேக் எல்லாம் கைக்கே வந்திருந்தது. சிக்னலில் நின்றபோது பஸ் ஸ்டாப்பிலிருந்து இறங்கிப் போய், "முறுக்குற பிடி சரியா இருக்காம்மா?" என்று கேட்டேன். "நல்லா இருக்கு தாத்தா, ஒர்க்‌ஷாப்ல மூணு தடவ திருப்பிக் குடுத்து சரி பண்ண வச்சேன்" என்றாள். மூன்று தரம் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

டீச்சர் இந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, மலரில் போடலாமா என்று இரண்டு தரம் கேட்டார். போடுங்கள், ஆனால் அதற்கு முன்னால் ஒருத்திக்குத் தெரியவேண்டும் என்றேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் வீட்டுக்குப் போகிறேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. பேரப்பிள்ளைகளை வைத்துப் படிக்கச் சொல்லமாட்டேன், எதையும் விட்டுவிடவும் மாட்டேன். எழுத்துக்கூட்டியாவது நானே படிப்பேன், அவள் எதிரில் உட்கார்ந்து. அவளுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். பாதியில் வெளியே போ என்றால் வாசலில் நின்று மீதியைப் படிப்பேன். இனி அவள் உன்னை வித்தைக்காரர் என்று சொல்லக்கூடாது. என்னை என்ன சொல்வாளோ, அதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

இது நான் உனக்குத் தரும் வாக்கு.

உன் பெண்டாட்டியின் அண்ணன்,
அன்று வரிசையில் நின்றுவிட்ட உன் மச்சான்,
சாமிக்கண்ணு