வானத்தில் பிரேக் கிடையாது

மார்ச் 3, திங்கள்

மணிக்கட்டு வீங்கிவிட்டது. கம்ப்யூட்டரில் போர் விமானம் ஓட்டும்போது, அதன் மூக்கை இடம் வலமாகத் திருப்ப ஜாய்ஸ்டிக்கையே முறுக்கி முறுக்கி வந்த வினை. மாடி வீட்டுக் கொழுந்தனிடம் காட்டினேன். ஆன்லைனில் சேர்ந்து பறக்கும் எங்கள் அணிக்கு அவன்தான் தலைவன். நான் பக்கத்தில் பறந்து அவன் முதுகைக் காக்கிறவள்.

"கால்ல செய்ய வேண்டியத கையில செஞ்சா இப்படித்தான் அண்ணி. ரடர் பெடல் வாங்குங்க, கால்லயே மூக்கத் திருப்பலாம். மாசக் கடைசிப் போட்டிக்குள்ள கால் பழகலன்னா, என் பக்கத்துல நம்ம டீம் பல் டாக்டர் பறப்பாரு. தப்பா நினைக்காதீங்க."

தப்பாகத்தான் நினைத்தேன்.

மார்ச் 5, புதன்

பெடலில் இத்தனை ரகமா! தரையோடு சறுக்குவது ஒன்று, மேலிருந்து ஊஞ்சல் போல ஆடுவது ஒன்று. கொழுந்தனுடையது ஊஞ்சல் ரகம், முழுக்க இரும்பு. அதை மாடிக்கு ஏற்ற இரண்டு ஆள் வேண்டியிருந்தது. அதன் பெருமையைக் கேட்க ஊரே வேண்டும். "கெத்தா வாங்குங்க அண்ணி" என்றான். கடையில் அதில் உட்கார்ந்து பார்த்தேன், முழங்கால் மேசையில் இடித்தது. சறுக்குவதையே வாங்கி வந்தேன்.

இவர் பார்த்துவிட்டு, "இதுல தையல் மெஷின் மாட்டலாமா?" என்றார். கட்டிக்கொண்டவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது.

மார்ச் 8, சனி

பெடலை அமுக்கினேன். விமானம் அசைவதற்குள் நாற்காலி பின்னால் உருண்டது. சக்கரம் வைத்த நாற்காலி அல்லவா! எதிரியைத் துரத்தத் துரத்த நான் பீரோ பக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன். கடைசியில் இவருடைய இரண்டு ஜோடி ஷூக்களுக்குள் சக்கரங்களை இறக்கினேன். ஒரு சக்கரம் மிச்சம், அதற்கு என் செருப்பு. இவர் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. ஷூவைத் தேடும்போது சொல்வார்.

மார்ச் 11, செவ்வாய்

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பக்கத்து சீட்டில் எனக்கென்று ஒரு பிரேக் உண்டு. அதன் மேலேயே வலது காலை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். ஆபத்து என்றால் அந்தக் கால் என்னைக் கேட்காது. இன்று எதிரி விமானம் குறுக்கே வந்ததும் மிதித்தேன். வலது பெடல் அடிவரை போனது. விமானம் பம்பரமாகச் சுற்றிக் கடலில் விழுந்தது. மறுபடி கிளம்பினேன். மறுபடியும் கடல்.

ஹெட்செட்டில் கொழுந்தன்: "அண்ணி, வானத்துல பிரேக் கிடையாது!"

எல்லோரும் சிரித்தார்கள். பல் டாக்டர் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். நான் ஸாரி கேட்டேன்.

மார்ச் 12, புதன்

எதற்கு இப்படிக் கிடந்து அடித்துக்கொள்கிறேன்? விளையாட்டுதானே?

விளையாட்டுதான். ஆனால் பகலெல்லாம் ஸ்டியரிங் அடுத்தவர் கையில், எனக்கு பிரேக் மட்டும். வீட்டிலும் ஏறக்குறைய அதே கதை. நானே ஓட்டி, நானே திரும்புகிற இடம் அது ஒன்றுதான். அதையும் அந்தப் பல்லுக்கா விடணும்? விடமாட்டேன் — போங்கடா.

மார்ச் 16, ஞாயிறு

வெறுங்காலோடு பறந்தேன். வேலைக்கு ஷூ போட்டுத்தான் போவேன். வெறுங்கால் என்றால் அந்த மக்குக் காலுக்கு இது கார் இல்லை என்று உறைக்கிறது! ஸ்பிரிங்கையும் இறுக்கிவிட்டேன். லேசாக அமுக்கினால் விமானமும் லேசாகவே திரும்பும்படி கம்ப்யூட்டரில் மாற்றி வைத்தேன். இனி மிதிப்பது என்ற பேச்சே இல்லை, குழந்தையைத் தட்டித் தூங்க வைப்பது மாதிரிதான்.

சமையலறைக்கு ஓடினேன். "ஒருத்தனச் சுட்டுட்டேங்க!"

இவர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

மார்ச் 24, திங்கள்

பெடல் பற்றிக் கொழுந்தனின் உபதேசம், இன்றும். மணிக்கட்டு வலி போய்க் காது வலி வந்திருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

போட்டி நடத்துபவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டார்கள்: விமானம் தன் மூக்கைத் தானே நேராக வைத்துக்கொள்ளும் உதவியை இன்று எல்லோருக்கும் அணைத்தாயிற்று. அது கற்றுக்குட்டிகளுக்கானது. நான் காதிலேயே வாங்கவில்லை.

கொழுந்தன்தான் முதலில் கிளம்பினான். இந்த விமானம் வேகமெடுக்கும்போது இடப்பக்கம் இழுக்கும், வலது பெடலால் பிடிக்க வேண்டும். அவன் பிடிக்கவில்லை. வளைந்து, புல்லில் இறங்கி, வரிசையாக நின்ற எங்கள் விமானங்கள் மேலேயே மோதினான். அதில் ஒன்றுக்குள் பல் டாக்டர் இருந்தார்.

"பெடல் கேபிள் லூஸு! கேபிள் லூஸு!" என்று கொழுந்தன் ஒரே கத்தல்.

என் முறை. வலது காலை நிதானமாக அமுக்கினேன். நேராக ஓடியது, எழும்பியது. மிச்சமிருந்தவர்கள் மேலே வந்ததும் யார் தலைவர் என்று யாரோ கேட்டார்கள்.

"என் பின்னால வாங்க" என்றேன்.

தோற்றுவிட்டோம். ஆனாலும் கடைசிவரை வானத்தில் இருந்தேன்.

மார்ச் 31, திங்கள்

கேபிளைப் பார்க்கலாமே என்று மாடிக்குப் போனேன். கொழுந்தன் வேலைக்குப் போயிருந்தான். அவன் மனைவி மேசைக்கு அடியில் பெருக்கிக்கொண்டிருந்தாள். பெடலின் கேபிள், கடையில் சுற்றிக் கொடுத்தபடியே கட்டு அவிழாமல் கிடந்தது.

"இதுவா அக்கா? வாங்குனதுலேர்ந்து இப்படியேதான் கெடக்கு. கால் வச்சுக்க சௌகரியமா இருக்காம்."

அத்தனை இரும்பும் கால் வைத்துக்கொள்ள! இவ்வளவு நாளும் அவன் விமானத்தை ஓட்டியது அந்தக் கற்றுக்குட்டி உதவி! சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. படியிறங்கும்போதுதான் கோபம் வந்தது. இவன்கிட்டயா நான் ஸாரி கேட்டேன்?

ஏப்ரல் 6, ஞாயிறு

கொழுந்தன் வந்தான். அண்ணன் வீட்டில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, "அந்த ஓடுபாதையில நேரா போறது எப்படின்னு..." என்று இழுத்தான்.

மாடிக்குப் போய் அந்தக் கட்டை நானே அவிழ்த்து கேபிளைச் செருகினேன். அவன் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். போன தடவை மாதிரியே புல்லில் இறக்கினான். இன்னொரு முறையும் இறக்கினான். அடுத்து கிளம்பும்போது நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, என்னிடம் கார் பழக வருகிறவர்களின் அதே குரலில் கேட்டான்:

"இப்ப மிதிக்கட்டுமா மேடம்?"