உங்கம்மா யாருடா?

12-7-56, வியாழன்

என் ஓரகத்தி ஸ்டெல்லா, டீச்சர் டிரெயினிங் வகுப்பு முடிந்து சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தாள். கூட்டுக் குடும்பத்தின் பதினோரு பேரும் காப்பிக்குக் கூடியிருந்தோம். அவளுடைய இரண்டு வயது மகனிடம், "உங்கம்மா யாருடா?" என்று கேட்டேன். அவன் என்னைக் காட்டினான். வீடே சிரித்தது.

"டீச்சரம்மா, உம் புள்ளையே உன்னப் பெயில் பண்ணிட்டான் பாரு!" என்றேன்.

அவளும் சிரித்தாள். பிறகு புத்தகங்களைப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். "நாளையிலிருந்து நான் போகலக்கா. இவங்கூடவே இருந்துடறேன்" என்றாள்.

ஒரு வாரமாக வெல்லம் கொடுத்து அப்படிக் காட்டப் பழக்கியவள் நான்தான். அவள் வரும் பஸ் சத்தம் கேட்டாலே பிள்ளை வாசலுக்கு ஓடுவான். அதையும் அவளிடம் சொன்னதில்லை. காலையில் பஸ் வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் எப்போதும் கேலி பேசும் நான் மன்னிப்புக் கேட்டால், அதையும் அவள் கேலி என்றுதான் நினைப்பாள்.