பாலத்தடியில் பதின்மூன்று பேர்

அக்கா,

இன்று காலை விஜயநகர் கடையில் காக்கித் துணிக் கட்டு ஒன்றைப் பிரித்தேன். காவலாளிகளுக்குச் சீருடை தைக்கும் வேலை வந்திருக்கிறது. கஞ்சியும் மெஷின் எண்ணெயும் கலந்த அந்த வாசனை முகத்தில் அடித்ததும் கத்தரிக்கோலை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அழுகை வருமென்று கொஞ்சநேரம் காத்திருந்தேன். வரவில்லை.

உலகப் போரின் இரண்டாம் வருடம், மைசூர் கம்பெனியில் உங்களுக்கும் எனக்கும் அடுத்தடுத்த தையல் மெஷின். எல்லைக்குப் போகிறவர்களுக்குச் சட்டை தைத்தோம். உங்கள் வீட்டுக்காரரும் போயிருந்தார். ஒவ்வொரு சட்டையிலும் கடைசிப் பொத்தானை மட்டும் இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பீர்கள். "ஒருவேள அவருக்கே போச்சுன்னா?" என்பீர்கள், சிரிக்காமல்.

பிறகு வானத்திலிருந்து அவர்கள் வந்தார்கள். ஊரில் எல்லோரும் 'பந்தவரு' என்றார்கள். வந்தவர்கள். அதற்கு மேல் பெயர் வைக்க யாருக்கும் தெம்பில்லை. ஒரே வாரத்தில் எல்லா நாடுகளும் சண்டையை நிறுத்தின. என் வீட்டுக்காரர் வேலைபார்த்த தெருவில் கடைகள் திறந்தபடியே இருந்தன, ஆட்கள் இல்லை. என் காவ்யாவுக்கு அப்போது மூன்று வயது. நீங்கள்தான் வந்து, "கெளம்பு கண்ணு, எங்கூருக்குப் போயிரலாம். ஹனூர்ல அம்மா இருக்குது" என்றீர்கள்.

பஸ் ஓடவில்லை. நடந்தோம். பன்னிரண்டு பேருக்கு மேல் ஓரிடத்தில் சேரக்கூடாது, அதற்கு மேல் போனால் நம் மூச்சு அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நாலாம் நாள் மத்தியானம், கொள்ளேகால் தாண்டி, சோளக்காட்டின் ஓரத்தில் மேலிருந்து அவர்களின் நிழல் விழுந்தது. ரோட்டில் நடந்துகொண்டிருந்த எல்லோரும் ஒரு சின்னப் பாலத்தின் அடியில் பதுங்கினோம். ஒரு பெரியவர் விரல்நீட்டி எண்ணினார். "ஹன்னெரடு" என்று மூச்சு விட்டார். பன்னிரண்டு. என் மடியில் தூங்கிய காவ்யாவை அவர் எண்ணவில்லை.

நான்தான் சொன்னேன். "கொழந்தையோட பதிமூணு."

ஏன் வாயைத் திறந்தேன் என்று இந்த ஆறு வருடத்தில் பலமுறை யோசித்துவிட்டேன். பயம் என்பதைத் தவிர வேறு பதிலில்லை. எல்லோரும் குழந்தையைப் பார்த்தார்கள்.

நீங்கள் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தீர்கள். "நான் அந்தப்பக்கம் காட்டுக்குள்ள உக்காந்துக்கறேன்."

போகாதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். "சீக்கிரம் வந்துருங்கக்கா" என்றேன்.

"ஆவட்டும். அவள முழிக்க உடாத."

நிழல் சோளக்காட்டின் மேல் நின்றது. சத்தமே இல்லை. பிறகு போய்விட்டது. பொழுது சாயும்வரை உங்களைத் தேடினேன். ஒரு சோளத்தட்டைகூட ஒடிந்திருக்கவில்லை.

ஹனூரில் உங்கள் அம்மாவிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டார். "கொழந்த தின்னு எத்தன நாளாச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, எழுந்துபோய்க் களி கிண்டினார். எட்டு மாதம் அந்த வீட்டில் இருந்தோம். அதற்குள் வந்தவர்கள் போய்விட்டார்கள். ஏன் வந்தார்கள், ஏன் போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. உங்கள் வீட்டுக்காரர் காயமில்லாமல் திரும்பினார்.

போன வருடம் ரேடியோவில் ஒருவர் பேசினார். பன்னிரண்டு என்பது யாரோ பயத்தில் கிளப்பியதாம். ஒற்றை ஆள் இருந்த இடத்திலும் தூக்கியிருக்கிறார்கள், நூறு பேர் இருந்த இடத்தைத் தொடாமலும் போயிருக்கிறார்கள். அப்போது ஒரு காலர் தைத்துக்கொண்டிருந்தேன். அதை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

காவ்யாவுக்கு உங்கள் முகம் நினைவில்லை. தமிழைவிடக் கன்னடம்தான் அவளுக்கு நன்றாக வருகிறது. பெரியம்மா ஒருவர் உனக்காக எழுந்து போனார் என்று சொல்லியிருக்கிறேன். பதிமூன்று என்று சொன்னது நான்தான் என்பதையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. பாலத்தடியில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நாலு நாள் நடந்த கால் எனக்கு மரத்துப்போயிருந்தது. நீங்கள் எழுந்து வெளியே போனதும், உங்கள் இடத்தில் காலை நீட்டிக்கொண்டேன். சுகமாக இருந்தது, அக்கா.