இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு வெந்நீர்

மார்ச் 4, செவ்வாய்

நேற்று எனக்கு ஜலதோஷம். மனைவி ஒரு மாத்திரையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். இன்று கோழிக்கு வெந்நீர், மடியில் துண்டு, காதோடு காதாகக் கொஞ்சல். இந்த வீட்டில் யாருக்கு என்ன மதிப்பு என்பது தெளிவாகிவிட்டது.

அவள் கோழியைக் கூப்பிடுவது குட்டிம்மா. நான் வைத்த பெயர் இன்ஸ்பெக்டர். நான் பழுது பார்த்த லிஃப்டைச் சோதிக்க வருஷா வருஷம் வருகிற இன்ஸ்பெக்டர் அம்மாவும் இப்படித்தான் தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். எதையோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்பது போல.

மார்ச் 6, வியாழன்

இன்ஸ்பெக்டர் முட்டையிடுவதை நிறுத்தி எவ்வளவோ நாளாயிற்று. அதை ஓய்வு என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது கூண்டின் குறுக்குக் கட்டையில் ஏறுவதில்லை, தரையிலேயே படுத்துவிடுகிறாள். கொண்டை வெளுத்துச் சுருங்கிவிட்டது.

"அவளுக்கு வயசாயிடுச்சுங்க."

"எனக்கும்தான் ஆச்சு. யாரு கண்டுக்கிட்டா?"

அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 8, சனி

கால்நடை டாக்டரிடம் போனோம். சின்னப் பெண். நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்தார்; கத்தி முனை மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. "ஒன்பது வயசுங்கறது கோழிக்கு நல்ல வயசு. மருந்துன்னு பெருசா ஒண்ணும் இல்ல. தீனியை ஊறவெச்சுக் கொடுங்க, கதகதப்பா வெச்சுக்கங்க. வலியில துடிச்சா மட்டும் கொண்டு வாங்க."

திரும்பும் வழியில் மனைவி குண்டைத் தூக்கிப் போட்டாள். மகளின் பிரசவத்துக்குப் போகப் போவதில்லையாம்.

"கோழிக்காகவா?"

"உங்களை நம்பி விட்டுட்டுப் போக முடியுமா?"

"பெத்த பொண்ணுகிட்ட இதைச் சொல்லிப் பாரு. முதல் பிரசவம்."

வீடு வரை வாக்குவாதம். கடைசியில் நானே பார்த்துக்கொள்வதாகச் சத்தியம் செய்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன்.

மார்ச் 14, வெள்ளி

மனைவியை ரயில் ஏற்றிவிட்டேன். வண்டி நகரும்போது ஜன்னல் வழியாக அவள் கத்தியது: "தினமும் பின்பக்கம் கழுவ மறந்துடாதீங்க." எதிர் இருக்கைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். விளக்கம் சொல்ல நேரமில்லை.

மார்ச் 15, சனி

கழுவினேன். அவளுக்கும் பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. மாலை வரை இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மார்ச் 17, திங்கள்

போனில் மனைவியிடம், "உன் செல்லம் இன்னைக்கு என் சட்டையில ஒப்புதல் முத்திரை வெச்சுட்டாங்க. இனி அந்தச் சட்டை நூறு பேரைத் தாங்கும்" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அப்பா, நிறுத்துங்க. நானும் சிரிச்சா இங்கேயே பிரசவம் ஆயிடும்."

மார்ச் 19, புதன்

வீட்டில் தனியாக விட மனமில்லை. அட்டைப்பெட்டியோடு வேலைக்கே கொண்டுபோனேன். அடுக்குமாடி வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, மதியச் சாப்பாட்டை உயிரோட கொண்டு வந்துட்டீங்க?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பதினைந்து நாள் முன்னால் இதே நகைச்சுவையை நானே சொல்லியிருப்பேன். "மரியாதையாப் பேசுங்க, இன்ஸ்பெக்டர் வந்திருக்காங்க" என்றேன். சாயங்காலம் நான் இறங்கி வந்தபோது பெட்டி அவருடைய நாற்காலிமேல் இருந்தது. அவர் நின்றுகொண்டிருந்தார்.

மார்ச் 22, சனி

வாலைத் தொங்கவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறாள். தீனியை விரல் நுனியில் வைத்து நீட்டினேன். ஒரே ஒரு கொத்து. பசியில் இல்லை, எனக்காக.

"சாப்பிட்டாளா?" என்று மனைவி போனில் கேட்டாள். சாப்பிட்டாள் என்றேன். பொய் இல்லையே.

டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போகவா? வலிக்குதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்டி, இன்ஸ்பெக்டர்...

மார்ச் 23, ஞாயிறு

டாக்டரைப் போனில் பிடித்தேன். "துடிக்கிறாளா?" இல்லை. "மூச்சு?" மெதுவாக. "அப்போ வண்டியில ஏத்தி அலைக்கழிக்காதீங்க. பக்கத்துல இருங்க, போதும்."

இருந்தேன். வெயில் நகர நகரப் பெட்டியையும் நகர்த்தினேன். மத்தியானம் அவள் கழுத்து என் மணிக்கட்டின் மேல் சாய்ந்தது. தூங்குகிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 24, திங்கள்

மகளுக்கு வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அந்த அவசரத்திலும் மனைவி கேட்டாள்: "குட்டிம்மா எப்படி இருக்கா?"

"இருக்கா. நீ பொண்ணைக் கவனி."

வேறு என்ன சொல்வது?

மார்ச் 25, செவ்வாய்

பேத்தி. தாயும் சேயும் நலம்.

ஏப்ரல் 2, புதன்

இப்போதெல்லாம் மனைவி குட்டிம்மாவைப் பற்றிக் கேட்பதே இல்லை. பேத்தி வந்ததும் மறந்துவிட்டாள் போல. நல்லதுதான். ஆனாலும் கோபமாக வருகிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

நேற்று சாயங்காலம் வந்துவிட்டாள். எப்படிச் சொல்வது என்று ரயில் நிலையத்திலிருந்து மனதுக்குள் ஒத்திகை. வீட்டுக்குள் வந்து பையைக் கீழே வைத்தவள், "எங்க வெச்சிருக்கீங்க?" என்றாள்.

கொல்லைச் சுவரோரம் கூட்டிப்போய்க் காட்டினேன். மேலே ஒரு தட்டைக் கல் வைத்திருக்கிறேன். குனிந்து அதைத் தொட்டாள்.

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. பேத்தி பொறந்த வாரத்துலருந்து நீங்க குட்டிம்மாவைக் கிண்டலே பண்ணலையே."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா போன்லயே அழுதிருப்பீங்க. இங்க யாரு இருக்கா உங்களைப் பாத்துக்க?"

இன்று காலை சமையலறையில் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். கூடம் வரை கேட்டது. "உங்கப்பா கடைசி வரைக்கும் கூடவே இருந்திருக்கார்டி. நான் இருந்தாக்கூட இவ்வளவு பொறுமையாப் பாத்திருப்பேனான்னு தெரியல."

நான் அவசரமாக வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கருவிப் பையையும் எடுத்துக்கொண்டு, தெருமுனை வரை போய்விட்டேன். அங்கே போன பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை என்று ஞாபகம் வந்தது.