நீ கையெழுத்துப் போட்ட லைஃப் ஜாக்கெட்டுகள்

நாற்காலியின் முதுகில் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் ஒன்று தொங்குகிறது. பெட்டியைப் பிரித்து ஒரு மாதமாகியும் அச்சு மையின் வாடை அதைவிட்டுப் போகவில்லை. இந்த ஊரில் முப்பது ஆண்டுகளாக அந்த வாடையை முகர்ந்தே வாழ்ந்தவர்கள் நாம். பனியன் மீது அச்சடிக்கப்படும் எந்தப் பெயரும் எத்தனை சலவை தாங்கும் என்று நீ கையால் தடவியே சொல்லிவிடுவாய். இந்த ஜாக்கெட்டின் மார்பில் அச்சாகியிருப்பது உன் பெயர். அதன் கீழே ‘நினைவு நெடுந்தூரத் துடுப்புப் போட்டி’. முதுகில், உன் பெயரைவிட மூன்று மடங்கு பெரிய எழுத்தில், நம் துடுப்புப் படகுக் கழகத் தலைவருடைய ஏற்றுமதி நிறுவனத்தின் பெயர். துடுப்புப் போடுகிறவர்களைப் புகைப்படக்காரர்கள் கரையிலிருந்து பின்பக்கமாகத்தான் எடுப்பார்கள் என்பதை அவர் எப்போதோ கவனித்து வைத்திருக்கிறார்.

அதே பெட்டியில் புதிய விதிப்புத்தகமும் வந்தது. நான்காம் விதியை மாற்றியிருந்தார்கள். ‘ஒவ்வொரு லைஃப் ஜாக்கெட்டும், அதை அணியப்போகிறவர் உடலிலேயே, தண்ணீரில் சோதிக்கப்பட வேண்டும்’ என்று நீ எழுதிய வாக்கியம் போய், ‘மாதிரிக்குச் சில ஜாக்கெட்டுகளை எடுத்துப் பார்த்தால் போதுமானது’ என்று ஒரு வாக்கியம் உட்கார்ந்திருந்தது. ஆதாரமாக ஒரு நகல் இணைக்கப்பட்டிருந்தது. சென்ற ஆண்டுப் போட்டியின் சோதனைச் சான்று. அடியில் உன் கையெழுத்து. இந்த ஆண்டு உபகரணப் பரிசோதகர் நான்தான் என்றும், போட்டிக்கு முந்தைய மாலை நடக்கும் நினைவுக் கூட்டத்தில் உன்னைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும் என்றும் ஒரு துண்டுக் கடிதம்.

விதிகளை நாம் எழுதிய நாட்கள் உனக்கு நினைவிருக்கும். வெளிநாட்டுப் பயணத்தில் எங்கேயோ கயாக் படகுகளைப் பார்த்துவிட்டு வந்த சில முதலாளிகளுக்கு, நம் ஊருக்கும் அப்படியொரு விளையாட்டு வேண்டும் என்று தோன்றியது. துடுப்புப் போட இரண்டு கை வேண்டும். சாயக்கழிவு ஓடும் நம் ஊர் ஆற்றில் மூக்கைப் பொத்த மூன்றாவது கையும் வேண்டியிருக்கும் என்பதால் காவிரிக்குப் போனார்கள். பவானிக்குக் கீழே தொடங்கி, கதவணைகளில் படகைத் தூக்கிச் சுமந்து கடந்து, மறுநாள் கொடுமுடியில் முடியும் பந்தயம். விதி என்று ஒன்று வேண்டும் என்பது அவர்களுக்குக் கடைசியில்தான் நினைவுக்கு வந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காகச் சரக்கைப் பரிசோதிக்கும் உன்னையும், கல்லூரியில் இயற்பியல் நடத்தும் என்னையும் கூப்பிட்டார்கள்.

நீதான் வகைகளைப் பிரித்தாய். ஒற்றையர் கயாக், இரட்டையர் கயாக், திறந்த கனோ, பரிசல். ஒவ்வொன்றுக்கும் நீளம், அகலம், குறைந்தபட்ச எடை. எதிலும் அடங்காத படகுகளுக்கு ‘வரம்பில்லா வகை’. முதல் ஆண்டு தலைவர் இறக்குமதி செய்த படகோடு வந்து நின்றார். உன் சட்டைப் பையிலிருந்த தையல் டேப்பை விரித்து நீ அளந்தாய். ஒற்றையர் வகையின் வரம்புக்கு அரை இஞ்சு கூடுதல்.

“ஏனுங்க, அரை இஞ்சுதானுங்க. துணி வாங்கற ஃபாரின் பையரே அரை இஞ்சு டாலரன்ஸ் குடுக்கறானுங்க” என்றார்.

“அது துணிங்க, தொவைச்சாச் சுருங்கும். உங்க படகு சுருங்குமுங்களா?”

அவர் வரம்பில்லா வகையில் இறங்கினார். அந்த வகையில் வேறு படகே இல்லாததால் முதலாவதாகவும் கடைசியாகவும் அவரே வந்தார். கோப்பையோடு எடுத்த படம் இன்றும் அவருடைய வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. போட்டியில் எத்தனை படகுகள் என்று அங்கே காத்திருக்கும் யாரும் கேட்பதில்லை. மறு ஆண்டு, கதவணையில் தம் படகைச் சுமப்பதற்காக பேக்கிங் பிரிவிலிருந்து நான்கு பேரைக் கூட்டிவந்து நிறுத்தினார். அதற்கடுத்த ஆண்டின் விதிப்புத்தகத்தில், படகைச் செலுத்துகிறவரே அதைச் சுமக்க வேண்டும் என்று புதிதாக ஒரு விதி சேர்ந்தது.

இவற்றையெல்லாம் வேடிக்கையாக எடுத்துக்கொண்ட நீ, ஜாக்கெட் விஷயத்தில் மட்டும் சிரித்ததில்லை. போட்டியாளர்கள் அத்தனை பேரும் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கழுத்தளவு ஆழத்துக்குப் போய்க் காலை மடக்க வேண்டும். மூக்கும் வாயும் நீருக்கு மேலே நின்றால்தான் படகில் ஏறலாம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து கட்டிங் மாஸ்டராக இருக்கும் ஜெபராஜ், வரிசையில் நின்றவர்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: “ஒழுங்கா நில்லுங்கல. சார் எல்லாத்துக்கும் ஞானஸ்நானம் குடுக்காரு.”

“முக்குனா எந்திரிச்சு வரணுமில்லீங்க, ஜெபராஜ். அதைத்தான் பாக்கறேன்” என்றாய்.

மாதிரிக்குப் பத்துப் பன்னிரண்டு எடுத்துப் பார்த்தால் நேரம் மிச்சமாகுமே என்று தலைவர் அன்றே கேட்டார். உலகத்துக்கே உடுப்பு அனுப்புகிற ஊரில் அது இயல்பான கேள்வி. இங்கே எந்தச் சரக்கும் அப்படித்தான் தேறுகிறது. நீ அவருக்குச் சொன்ன பதிலை நான் என் மாணவர்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். “சாம்பிள் பாக்கறதுன்னா, இத்தனை பீஸ் கெட்டிருந்தாலும் பரவால்லீன்னு முன்னாடியே ஒத்துக்கறதுங்க. ஆத்துல எத்தனை பேர் போனாப் பரவால்லீங்க, நீங்களே ஒரு நம்பர் சொல்லுங்க.”

தலைவர் உன்னைப் புரிந்துகொள்ளச் சில ஆண்டுகள் பிடித்தன. சென்ற ஆண்டு, போட்டிக்கு முந்தைய மாலையில், உன்னை மேடைக்கு அழைத்தார். “இந்தப் போட்டிக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருந்தா அது இவருதானுங்க” என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார். கைதட்டல் அடங்கவே இல்லை. விடுதி அறையில் ஒன்றாகப் படித்த காலத்திலிருந்து உன் முகத்தை அறிவேன். அன்றைக்கு அதில் இருந்த சிரிப்பை அதற்கு முன் பார்த்ததில்லை. நீ மேடையிலிருந்து இறங்குவதற்குள் பெட்டிகள் வந்து இறங்கின. அவருடைய யூனிட்டிலேயே தைத்து, எல்லாப் போட்டியாளர்களுக்கும் அன்பளிப்பாகத் தரும் ஜாக்கெட்டுகள். “நேரமாயிருச்சுங்க. நீங்களே உங்க கையால ஒரு பதிமூணு எடுத்துப் பாருங்க. உங்க தொழில்தானுங்களே.”

நீ பதின்மூன்று எடுத்தாய். தையலை இழுத்துப் பார்த்தாய், தண்ணீரில் போட்டாய், மிதந்தன. பொன்னாடை தோளில் கிடக்க, அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். நீ என் பக்கம் திரும்பவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் இரண்டாவது கதவணைக்குக் கீழே ஜெபராஜின் இரட்டையர் படகு கவிழ்ந்தது. அவரோடு துடுப்புப் போட்டவள் செல்வி, தலைவரின் யூனிட்டில் ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறவள். ஜாக்கெட் அவளைத் தூக்கவில்லை. அவள்தான் ஜாக்கெட்டைத் தூக்க வேண்டியிருந்தது. கடலில் வளர்ந்த ஜெபராஜ், மீட்புப் படகு வரும்வரை அவள் தலைமுடியைப் பிடித்து மேலே வைத்திருந்தார். அன்று மாலை பரிசளிப்பு விழாவில் இதைப் பற்றி யாரும் ஒரு சொல் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்த ஜாக்கெட்டை உன் வீட்டுக்கு எடுத்துவந்து, என் எதிரில் கத்தரியால் வெட்டினாய். தண்ணீர் புகாத நுரைப் பலகை இருக்க வேண்டிய இடத்தில், உள்ளாடைக் கப்புகளுக்கு வைக்கிற ஸ்பாஞ்ச். பிழிந்தாய், அப்போதும் காவிரித் தண்ணீர் வந்தது. “மெட்டீரியல் ஷார்ட்டேஜ். கடைசி டஜனை முடிக்க, கையில இருந்ததை வெச்சுத் தெச்சிருக்காங்க. நான் எடுத்த பதிமூணும் நல்ல பீஸ்” என்று, அலுவலகத்துக்கு அறிக்கை வாசிப்பவனைப் போலச் சொன்னாய். பிறகு, “இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்பா” என்றாய். சரி என்றேன். உன் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். வெட்டிய ஜாக்கெட்டை நீ அன்றே குப்பை வண்டியில் போட்டாய். மடித்து வைத்த பொன்னாடை டிவி ஸ்டாண்டின் மேல் பத்திரமாக இருந்தது.

பணத்துக்கு விலை போயிருந்தால் உன்னை வெறுப்பது எளிதாக இருந்திருக்கும். பணம் வாங்குகிறவனுக்கு வீட்டில் ஏதோ தேவை இருக்கும். உனக்கு என்ன தேவை இருந்தது? நீ மதிக்காத ஒரு மனிதர், நீ மதிக்காத ஒரு மேடையில், எந்த மளிகைக் கடைத் திறப்பு விழாவிலும் போர்த்துகிற ஜரிகைத் துணியை உன் தோளில் போட்டார். அவ்வளவுதான் உன் விலை. நான்கு மாதம் கழித்து, சரக்குப் பரிசோதிக்கப் போன ஒரு கிடங்கில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழவில்லை என்று செய்தி வந்தபோது அழுதேன். அழுதபோதும் இந்தக் கணக்கு மனத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பெட்டி வந்த மறுநாள் தலைவரைப் போய்ப் பார்த்தேன். பழைய விதியையே வையுங்கள் என்றேன்.

“உங்க சிநேகிதரே ஒத்துக்கிட்ட முறைங்க சார். அவரு பேருல போட்டி நடத்திட்டு, அவரு கையெழுத்தை நாம மதிக்காட்டி எப்படிங்க?”

செல்வியின் ஜாக்கெட்டைப் பற்றிச் சொன்னேன்.

“தண்ணியில விழுந்தா நனையத்தானுங்க செய்யும். அந்த ஜாக்கெட்டு எங்கீங்க இப்ப?”

அவருக்கு உண்மையிலேயே தெரியாது என்று நினைக்கிறேன். தம் யூனிட்டில் கடைசி டஜன் எப்படி முடிகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு அவரைப் போன்றவர்கள் ஆள் வைத்திருக்கிறார்கள். ஆனால் உன் கையெழுத்து எவ்வளவு உதவும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதை உடைக்காமல் விதியை மீட்க வழி இல்லை.

நினைவுக் கூட்டத்தில் உன் மனைவியும் மகளும் முன்வரிசையில் இருந்தார்கள். மாலை போட்ட உன் படத்துக்குப் பக்கத்தில் நின்று, எனக்குக் கொடுத்த பத்து நிமிடத்தில் மூன்றைத்தான் பயன்படுத்தினேன். நான்காம் விதியை எழுதியது நீ என்றேன். அதை மீறி முதலில் கையெழுத்துப் போட்டவனும் நீயே என்றேன். பார்க்காமல் தேறவிட்ட ஒரு ஜாக்கெட்டில் ஒரு பெண் மூழ்கப் பார்த்தாள், அதன் உள்ளே ஸ்பாஞ்ச் இருந்ததை நீ கண்டாய், கண்டும் மறைத்தாய், நானும் மறைத்தேன் என்றேன். செல்வியின் பெயரைச் சொல்லவில்லை. அவள் பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமை அவள் அதே யூனிட்டுக்குத்தான் வேலைக்குப் போக வேண்டும்.

தலைவர் மைக்கை வாங்கி, “சார் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டாருங்க” என்றார்.

“உணர்ச்சியெல்லாம் ஒண்ணுமில்ல சார்” என்று பின்னாலிருந்து ஜெபராஜ் எழுந்தார். “முடியப் பிடிச்சிட்டுக் கெடந்தது நான்தான். நாளைக்குத் தண்ணியில போட்டுப் பாக்காம எங்க ஆளுக ஒருத்தரும் எறங்க மாட்டாக.”

படகுகளே இல்லாத ஆற்றைப் படம் எடுக்க முடியாது என்பதால் கமிட்டி பத்து நிமிடத்தில் பழைய விதிக்குத் திரும்பியது. அவர்களுடைய மனசாட்சி அந்த வேகத்தில் வேலை செய்து நான் பார்த்தது அதுவே முதல் முறை.

மறுநாள் விடியற்காலையிலிருந்து கழுத்தளவு தண்ணீரில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்தேன். அத்தனை ஜாக்கெட்டுகளும் மிதந்தன. ஒன்றில்கூடக் குறை இல்லை. கரையேறியபோது தலைவர் துண்டை நீட்டினார். “பாத்தீங்களா சார்? ஒண்ணுகூட முங்கலீங்க. செத்த மனுசனைப் போய், பாவம்.” சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எல்லா மாணவர்களும் தேறிவிட்டால், தேர்வு வைத்தவனை முட்டாள் என்று சொல்லும் கூட்டம் அது. அவர்களுக்கு விளக்கம் சொல்வதை என் படிப்புக்கு அவமானமாகக் கருதினேன்.

உன் வீட்டுக்கு மட்டும் போனேன். வாசலில் உன் மனைவி நின்றார். வழிப்போக்கரிடமும் ‘வாங்க’ என்று சொல்லாமல் விடாத பக்கம் நம்முடையது. அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

“நீங்க சொன்னது பொய்யின்னு நான் சொல்லலீங்ணா. அன்னைக்கு நான்தானே உங்களுக்குக் காப்பி வெச்சேன், கிழிஞ்சு கெடந்ததை நானும்தான் பாத்தேன். அதுக்கப்புறம் நாலு மாசம் இருந்தாருங்களே. நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அவரே போய் எல்லாருத்துக்கும் முன்னாடி சொல்லியிருப்பாரில்லீங்களா?”

வாசற்படி ஏறாமலே திரும்பி நடந்தேன். தலைவரையும், கமிட்டியையும், உன்னையும் எடை போட எனக்குச் சொற்கள் இருந்தன. இந்தக் கேள்விக்கு இல்லை.

இப்போது சொல்கிறேன். கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். எனக்கு அது அப்போதே தெரியும். முப்பது ஆண்டுகள் உன் நேர்மைக்குப் பக்கத்தில் நின்று எப்போதும் ஒரு படி குறைவாகவே தெரிந்தவன் நான். அந்த நான்கு மாதமும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நீ கண்ணைத் தாழ்த்திக்கொண்டாய். அது எனக்குப் பிடித்திருந்தது.